நெல்லைச் சீமைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஊர், தொலைவு, எல்லை பற்றிய வழிகாட்டி

வேலை மாற்றலில் வருகிறவர்கள், பல்கலைக்கழகத்தில் சேர வருகிறவர்கள், பூர்வீகச் சொத்தின் தாள்களைத் தேடி வருகிறவர்கள் என்று திருநெல்வேலிப் பக்கம் புதிதாக வருகிற எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடங்களில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். குற்றாலமும் திருச்செந்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பதாகவும், கூடங்குளம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பதாகவும் வெளியூரில் பலர் நம்புகிறார்கள். குற்றாலம் தென்காசி மாவட்டத்திலும், திருச்செந்தூர் தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கின்றன; கூடங்குளமோ திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் வட்டத்தைச் சேர்ந்தது. சுற்றுலா வருகிறவருக்கு இதனால் நட்டம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம், வாடகை, பயணச்சீட்டு என்று வரும்போதுதான் தவறான ஊகம் ஒவ்வொன்றும் ஒரு நாள் விடுப்பையும் பேருந்துச் செலவையும் தின்றுவிடுகிறது. நானும் என்னுடன் மாற்றலாகி வந்தவர்களும் அலைந்து தெரிந்துகொண்டவற்றை, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. ஊர்ப் பெயரை விடுங்கள்; வட்டத்தை உறுதிசெய்யுங்கள்

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் உங்கள் ஊர் எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த வருவாய்க் கிராமம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தென்காசி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 22 அன்று. அதன் பிறகு திருநெல்வேலி மாவட்டத்தில் இருப்பவை திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மானூர், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, இராதாபுரம், திசையன்விளை ஆகிய 8 வட்டங்கள் மட்டுமே. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில், சிவகிரி, திருவேங்கடம் ஆகிய 8 வட்டங்களும் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவை. திருச்செந்தூர், திருவைகுண்டம், கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கமெல்லாம் தூத்துக்குடி மாவட்டம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும் செய்துங்கநல்லூர் கூடத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களின் ஊர்தான்.

இங்கே முதல் பொறி அஞ்சல் குறியீட்டு எண். 627 என்று தொடங்கினால் திருநெல்வேலி மாவட்டம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தென்காசி 627811, குற்றாலம் 627802, செங்கோட்டை 627809, சங்கரன்கோவில் 627756 என எல்லாம் 627-இல்தான் தொடங்குகின்றன. மாவட்டம் பிரிந்தபோது அஞ்சல் எண்கள் மாறவில்லை. பல இணையப் படிவங்களில் இந்த எண்ணை இட்டதும் மாவட்டப் பெட்டியில் "திருநெல்வேலி" என்று தானாகவே நிரம்பிவிடும். அதை அப்படியே விட்டால் விண்ணப்பம் வேறு மாவட்டத்துக்குப் போய், அங்கே சில நாட்கள் கிடந்து, "எங்கள் எல்லைக்கு உட்பட்டதன்று" என்ற குறிப்புடன் திரும்பி வரும். படிவம் திருத்த அனுமதித்தால் மாவட்டத்தைத் திருத்துங்கள். அனுமதிக்காவிட்டால் முகவரியின் கடைசி வரியிலேயே "தென்காசி மாவட்டம்" என்று சேர்த்து எழுதுங்கள். 628 என்று தொடங்கும் எண்கள் தூத்துக்குடிப் பக்கத்தவை.

வருவாய்க் கிராமத்தைக் கண்டுபிடிக்க அக்கம்பக்கத்தாரிடம் கேட்பது மட்டும் போதாது. மக்கள் வாயில் வழங்கும் ஊர்ப் பெயர் பல இடங்களில் ஒரு குக்கிராமத்தின் பெயராக இருக்கும். அது அடங்கும் வருவாய்க் கிராமத்துக்கு வேறு பெயர் இருக்கும். பெரிய கிராமங்கள் சில, பகுதி 1, பகுதி 2 என்றும் பிரிந்திருக்கும். வீட்டு உரிமையாளரிடம் பட்டாவின் நகலைக் கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றும் அதில் அச்சாகியிருக்கும். சர்வே எண் தெரிந்தால் அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் கட்டணம் இல்லாமல் நீங்களே பார்க்கலாம். அங்கே முதலில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலங்குளம் வட்டத்து நிலத்தைத் திருநெல்வேலியின் கீழ் தேடினால் அந்தக் கிராமம் பட்டியலிலேயே வராது. அதைக் கண்டு நிலத்துக்குப் பட்டாவே இல்லை என்று பதறுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பத்திரப் பதிவின் எல்லைகள் வருவாய்த் துறையின் எல்லைகளோடு எப்போதும் பொருந்துவதில்லை. எனவே வில்லங்கச் சான்றுக்குப் போகும் முன் பதிவுத் துறையின் இணையதளத்தில் அதிகார எல்லையை அறியும் பகுதியில் கிராமத்தின் பெயரை இட்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வில்லங்க விவரத்தை இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிட்ட நகலுக்குத்தான் பணம் கட்ட வேண்டும்.

தேர்தல் தொகுதி மூன்றாவது வகை எல்லை. ஆலங்குளம் தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும் திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. விருதுநகர் மாவட்டத்து இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசி மக்களவைத் தொகுதியில் இருக்கின்றன. வாக்காளர் அட்டையில் இருக்கும் தொகுதிப் பெயரை வைத்து மாவட்டத்தை ஊகிக்க வேண்டாம்.

2. ஒரே பெயருள்ள ஊர்களில் ஏமாறாதீர்கள்

ரயிலில் பாபநாசம் என்று முன்பதிவு செய்தால் நீங்கள் போய்ச் சேரும் இடம் தஞ்சாவூர் மாவட்டம். அந்த நிலையம் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையில் இருக்கிறது. நம் பாபநாசத்துக்கு அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். சிவகிரி என்ற ஊர் ஈரோடு மாவட்டத்திலும் உண்டு. நெல்லைக்கு வடக்கே இருக்கும் கங்கைகொண்டானை அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தோடும், கல்லிடைக்குறிச்சியைக் கள்ளக்குறிச்சியோடும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். கூரியரில் தாள்களை அனுப்பும்போது இந்தக் குழப்பம் பெரிய தொல்லை. ஊர்ப் பெயருக்கு அடுத்து வட்டத்தின் பெயரையும் எழுதிவிட்டால் போதும்.

குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. தென்காசியில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து தென்காசிக்கு வருகிறவர்கள் திருநெல்வேலி வரை வந்து திரும்பத் தேவையில்லை. பொதிகை விரைவு ரயில் மதுரை, விருதுநகர், இராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக நேரே தென்காசிக்கு வருகிறது.

3. "திருநெல்வேலி" என்றால் எந்தத் திருநெல்வேலி என்று கேளுங்கள்

மாநகராட்சிக்குத் திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என நான்கு மண்டலங்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் பேச்சில் அது டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம், வண்ணாரப்பேட்டை என்று இன்னும் பிரியும். நெல்லையப்பர் கோவில் இருப்பது டவுனில். ரயில் நிலையம் இருப்பது ஜங்ஷனில். தாமிரபரணியைக் கடந்தால் வரும் கொக்கிரகுளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிறது. வெளியூர்ப் பேருந்துகளில் பெரும்பாலானவை வந்து நிற்கும் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில் இருக்கிறது. அதற்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்து போகிற தூரம் இல்லை. பேருந்திலிருந்து இறங்கி ரயிலைப் பிடிக்கத் திட்டமிட்டால் நடுவில் குறைந்தது 45 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் வைப்பது நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் புறநகர்ப் பேருந்துகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது என்பதால் ஏறும் முன் பேருந்தின் வகையைப் பாருங்கள்.

வழி கேட்டால் "இடது பக்கம், வலது பக்கம்" என்று இங்கே பலர் சொல்ல மாட்டார்கள். "மேற்கே போய் வடக்கே திரும்புங்க" என்பார்கள். நகருக்கு மேற்கே மலையும் கிழக்கே கடலும் என்று திசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பழகிவிடும். "இந்தா பக்கத்துலதான்" என்ற பதிலை மட்டும் தூரத்துக்குக் கணக்காக எடுக்காமல், எத்தனை நிறுத்தம் என்று இன்னொரு முறை கேளுங்கள், அலுத்துக்கொள்ளாமல் சொல்வார்கள்.

4. வேலை செய்யும் இடத்தை அளந்த பிறகு வீடு பாருங்கள்

மாற்றல் உத்தரவில் திருநெல்வேலி மாவட்டம் என்று கண்டதும் பாளையங்கோட்டையில் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுவதுதான் நான் கண்ட மிகச் செலவான பிழை. கூடங்குளத்துக்கு நெருக்கமான நகரங்கள் வள்ளியூரும் கன்னியாகுமரியும் நாகர்கோவிலும். திருநெல்வேலி நகரம் அதற்கு வெகு தொலைவு. இஸ்ரோவின் மகேந்திரகிரி வளாகத்துக்கு வருகிறவர்களுக்கு பணகுடி, காவல்கிணறு, வள்ளியூர், நாகர்கோவில் ஆகியவைதான் வசதி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில், நகருக்கு மேற்கே 10 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே சேர்கிறவர்கள் பாளையங்கோட்டையில் தங்கினால் நாள்தோறும் மாநகரின் நெரிசல் முழுவதையும் கடந்து போக வேண்டியிருக்கும். பேட்டை, டவுன் பக்கம் பாருங்கள். கங்கைகொண்டான் தொழிற்பேட்டை மதுரைச் சாலையில் இருப்பதால் தச்சநல்லூர், தாழையூத்துப் பக்கம் தேடலாம்.

கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் தூத்துக்குடியும் திருச்செந்தூரும் ஏறத்தாழ 50 முதல் 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவைதான். நான்கு வழிச் சாலையில் தூத்துக்குடிக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊர் ஊராக நின்று போகும் பேருந்தில் திருச்செந்தூருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். முன்பணம் கொடுக்கும் முன் நீங்கள் அன்றாடம் கிளம்பப்போகும் அதே நேரத்தில், அதே வகைப் பேருந்தில் ஒரு முறை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்த தூரம் திங்கட்கிழமைக்கு உதவாது.

நாகர்கோவில் சாலையில் இன்னொரு பொறி இருக்கிறது. நாங்குநேரி, வள்ளியூர் ஆகிய ஊர்களுக்குப் புறவழிச்சாலை உண்டு. பல பேருந்துகள் ஊருக்குள் வராமல் புறவழியிலேயே போய்விடும். இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டால் ஆட்டோவும் கிடைக்காது. ஏறும் முன் நடத்துநரிடம், "அண்ணாச்சி, வண்டி வள்ளியூர் ஊருக்குள்ள போகுமா?" என்று கேட்டு, அவர் வாயால் "போகும்" என்று சொன்ன பிறகே ஏறுங்கள்.

விமானத்தில் வந்து போகிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. திருநெல்வேலிக்கு நெருக்கமான விமான நிலையம் தூத்துக்குடி மாவட்டம் வாகைகுளத்தில் இருக்கிறது. சீட்டில் தூத்துக்குடி என்றுதான் இருக்கும். வள்ளியூர், கூடங்குளம் பக்கம் வசிப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துத் திருவனந்தபுரத்தைத் தேர்ந்தெடுப்பதுண்டு. அங்கே விமானங்கள் அதிகம். ஆனால் நாகர்கோவிலுக்கு மேற்கே சாலை குறுகலானது, வழிநெடுக ஊர்கள். அந்தப் பாதைக்கு வரைபடம் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. சாரலை நம்பி நெல்லையில் வீடு பார்க்காதீர்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசியிலும் செங்கோட்டையிலும் சாரல் அடிக்கும். அதே நாளில் திருநெல்வேலி நகரில் காற்று வீசும், வெயிலும் காயும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரம் மலையடிவார ஊர்களுக்குக் கிடைக்கிறது. கிழக்கே வர வர அது வறண்டுவிடுகிறது. நகருக்கும் கடலோரத்துக்கும் மழைக்காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். எனவே ஜூலையில் வீடு பார்க்கிறவர்களுக்கு அந்தத் தெருவில் மழைநீர் எங்கே நிற்கும் என்பது கண்ணில் படாது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தாமிரபரணி பெருகி ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, சிந்துபூந்துறைப் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தண்ணீர் நின்றது. தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆற்றை ஒட்டியும் பழைய குளங்களை ஒட்டியும் வீடு பார்த்தால், அந்த டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். தரகர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆற்றுப் பாசனம் உள்ள அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துப் பசுமையை வைத்து இராதாபுரத்தையும் திசையன்விளையையும் எடைபோடாதீர்கள். அங்கே செம்மண்ணும் பனையும் காற்றாலைகளுமாக நிலமே வேறு. கடலோர ஊர்கள் சிலவற்றில் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும். குழாயில் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் வீட்டின் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

6. வாடகை ஒப்பந்தம், பிறகு முகவரி மாற்றம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதல் தாள் வாடகை ஒப்பந்தம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பின் இணையதளத்தில் பதிந்து எண் பெற வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தத்துக்கான முத்திரைத் தாள் 2024 முதல் 200 ரூபாய். பழைய நினைவில் 20 ரூபாய்த் தாளில் எழுதித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வாங்காதீர்கள். முகவரியில் கதவு எண், தெரு, வார்டு, வருவாய்க் கிராமம், வட்டம், மாவட்டம், அஞ்சல் எண் என அனைத்தும் முதல் படியில் எழுதிய தாளோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். இந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் மற்ற எல்லாத் தாள்களும் எழுதப்படும்.

அடுத்து ஆதார் முகவரி. இணையத்திலேயே மாற்றலாம், கட்டணம் 75 ரூபாய். இது அவ்வப்போது மாறுவதால் செலுத்தும் முன் பாருங்கள். ஆதார் மாறிய பிறகு வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, குடும்ப அட்டைக்கு உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வருமானம், சாதி, இருப்பிடம் போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போகும். மையத்தில் தட்டச்சு செய்கிறவர் அவசரத்தில் பக்கத்து வட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த 60 ரூபாயோடு ஒன்றிரண்டு வாரமும் போய்விடும். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.

கடவுச்சீட்டுக்கு மண்டல அலுவலகம் மதுரையில் இருந்தாலும் நேரில் போக வேண்டிய சேவை மையம் திருநெல்வேலியிலேயே உண்டு. 36 பக்கச் சீட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய்; தட்கலுக்குக் கூடுதலாக 2,000 ரூபாய். காவல் சரிபார்ப்பில் கவனம் தேவை. மாநகருக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல் ஆணையரின் எல்லையில் வருகிறார்கள். மாநகருக்கு வெளியே இருப்பவர்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லையில் வருகிறார்கள். மாநகராட்சியின் ஓரத்தில் வீடு என்றால், விண்ணப்பிக்கும் முன் அருகிலுள்ள நிலையத்தில் உங்கள் தெரு அவர்கள் எல்லைதானா என்று கேட்டுவிடுங்கள்.

7. பழைய தாள்களில் இருக்கும் மாவட்டப் பெயரைக் கண்டு கலங்காதீர்கள்

பூர்வீகச் சொத்துக்கும் பெற்றோரின் சான்றுகளுக்கும் இது பொருந்தும். தூத்துக்குடிப் பகுதி 1986 அக்டோபர் 20 அன்று தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய திருச்செந்தூர்ப் பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் இருக்கும். பிறகு 1997 வரையிலான தாள்களில் தூத்துக்குடிக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்றும், திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்றும் பெயர் இருக்கும். 2019-க்கு முந்தைய தென்காசித் தாள்கள் எல்லாம் திருநெல்வேலி என்று சொல்லும். செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1-க்கு முந்தைய ஆவணம் என்றால் அது திருவிதாங்கூர் அல்லது திருவிதாங்கூர் – கொச்சிக் காலத்தது. மலையாளத்தில் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

இவை பிழைகள் அல்ல. திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தாளில் உள்ள பெயர் ஒன்றும் இன்றைய பெயர் ஒன்றுமாக இருப்பதால் விண்ணப்பத்தை ஏற்க மறுத்தால், பழைய பத்திரத்தின் சர்வே எண்ணும் இன்றைய பட்டாவின் சர்வே எண்ணும் ஒன்றே என்று காட்டுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால் அதற்கான வருவாய்ப் பதிவையும் சேர்த்து வையுங்கள். தேடலை இன்றைய மாவட்டத்தில்தான் தொடங்க வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்துக் கொக்கிரகுளத்துக்கு வந்து, அங்கிருந்து தென்காசிக்கு அனுப்பப்படுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

8. மலை என்றால் வரைபடத்தை மூடிவிடுங்கள்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆனால் நடுவில் மலையைக் கடக்கச் சாலை இல்லை. வடக்கே செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகவோ தெற்கே நாகர்கோவில் வழியாகவோதான் சுற்றிப் போக வேண்டும். அது இரண்டு மடங்குக்கும் மேல்.

மாஞ்சோலைக்கு மணிமுத்தாறிலிருந்து ஏறும் மலைப்பாதை 20 கிலோமீட்டரை ஒட்டியதுதான். ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. சொந்த வண்டியில் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கட்டுப்பாடும் உண்டு. மழை எச்சரிக்கை வந்தால் சோதனைச் சாவடி மூடப்படும். அம்பாசமுத்திரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் முந்திய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் வண்டியின் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும்.

பொதிகை உச்சிக்குப் போக விரும்புகிறவர்கள் பாபநாசத்துக்கு வந்து காத்திருக்க வேண்டாம். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் கூடத்துக்கான மலையேற்றம் கேரளப் பக்கத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது. அனுமதி தருவது கேரள வனத்துறை. அதுவும் ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு மட்டும், இணைய முன்பதிவில். முன்பதிவு திறந்ததும் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், டிசம்பரிலிருந்தே அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்து வாருங்கள்.